பேச்சுக்கு முன் ஒரு தாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கருத்தரங்கோ, அலுவலகக் கூட்டமோ, பாராட்டு விழாவோ, இடம் எதுவானாலும் ‘பேசுவதற்கு முன் தாளில் எதை எழுதிக்கொள்வது?’ என்ற கேள்வி வெவ்வேறு வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. அவற்றில் எட்டுக் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

நான் ஒரு நூலகர். நூலகத்தைத் திறந்துவைக்கும் நேரத்தை மாற்றக் கோரி நிர்வாகக் குழுவின் முன் 10 நிமிடம் பேசப் போகிறேன். முன்னுரை, நூலகத்தின் வரலாறு, தற்போதைய சேவைகள், சவால்கள், தீர்வுகள், முடிவுரை என ஆறு தலைப்புகளில் குறிப்புச் சட்டகம் தயாரித்திருக்கிறேன். ஒத்திகை பார்த்தால் ‘சவால்கள்’ வருவதற்குள்ளேயே நேரம் முடிந்துவிடுகிறது. வேகமாகப் பேசுவதைத் தவிர வேறு வழி உண்டா?

வேகத்தைக் கூட்ட வேண்டாம். பிழை உங்கள் நாவில் இல்லை, தாளில் இருக்கிறது. நீங்கள் அனுப்பியிருக்கும் ஆறு தலைப்புகளில் ‘நூலகம்’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டு ‘மருத்துவமனை’ என்று வைத்தாலும் சட்டகம் அப்படியே பொருந்தும். எந்தப் பேச்சுக்கும் பொருந்துகிற சட்டகம் உங்கள் பேச்சைப் பற்றி உங்களுக்கே எதுவும் சொல்லவில்லை என்று பொருள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பிரித்துக்கொள்ளும் பழக்கம் பள்ளித் தேர்வில் நமக்குக் கைவந்தது. அங்கே தலைப்பை வேறொருவர் கொடுத்தார். நமக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினால் மதிப்பெண் கிடைத்தது. நிர்வாகக் குழு மதிப்பெண் போட வரவில்லை, ஒரு முடிவு எடுக்க வருகிறது.

ஆகவே முதலில் தாளின் தலையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அது உங்கள் பேச்சின் தலைப்பாக இருக்கக் கூடாது. பேச்சு முடிந்து எழும்போது கேட்டவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்த அளவில் நான் எழுதிப் பார்த்தது இது: ‘காலை 10 முதல் மாலை 5 வரை என்பதைப் பகல் 12 முதல் இரவு 7 வரை என்று மாற்றக் குழு ஒப்புதல் தர வேண்டும்.’ இந்த வாக்கியத்தை எழுத முடியாமல் தடுமாறினால், சட்டகம் போடும் கட்டத்துக்கு நீங்கள் இன்னும் வரவில்லை. இன்னும் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, அந்த வாக்கியத்தை மட்டும் நீங்கள் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டால் குழுவினர் என்னென்ன கேட்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இப்போதைய நேரத்தில் என்ன குறை? காலையில் வருகிறவர்கள் என்ன ஆவார்கள்? கூடுதல் ஆள் போட வேண்டியிருக்குமா? மாற்றிய பிறகு சரிப்படவில்லை என்றால்? இந்த நான்கு கேள்விகளுக்கான பதில்களே உங்கள் சட்டகம். ஒவ்வொரு பதிலையும் வினைமுற்றோடு முடியும் முழு வாக்கியமாக எழுதுங்கள்:

வேலைக்குச் செல்வோர் வீடு திரும்பும் நேரத்தில் நம் கதவு மூடியிருக்கிறது.
காலையின் முதல் இரண்டு மணி நேரத்தில் வருவோர் மிகச் சிலரே. அவர்களுள் பலர் பிற்பகலிலும் வரக்கூடியவர்கள்.
பணி நேரம் கூடவில்லை, தள்ளிப்போகிறது. ஆகவே கூடுதல் ஆள் வேண்டாம்.
மூன்று மாதம் நடத்திப் பார்த்து, பயனில்லை என்றால் பழைய நேரத்துக்கே திரும்பலாம்.

‘சவால்கள்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிவைத்தபோது அதன் அடியில் என்ன சொல்லப் போகிறோம் என்பது உங்களுக்கே தெளிவாக இல்லை. அதனால்தான் மேடையில் அதைத் தேடிக்கொண்டு நேரம் போயிற்று. ‘நம் கதவு மூடியிருக்கிறது’ என்று எழுதியவுடன் அதற்குச் சான்றாக எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானே விளங்கிவிடும். இரண்டாவது வாக்கியத்துக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு வாரத்தின் பக்கங்கள் போதும். அவற்றைக் கையிலேயே கொண்டுபோய்ப் பிரித்துக் காட்டுங்கள். ஒருவேளை பதிவேடு நீங்கள் நினைத்ததற்கு மாறாகச் சொன்னால், அதைக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கண்டுபிடிப்பதைவிட இப்போதே நீங்கள் கண்டுபிடிப்பது நல்லது. சட்டகம் போடுவதன் பெரும்பயனே அதுதான் என்பேன்.

இன்னொரு சோதனையும் உண்டு. வாக்கியங்களுக்கு நடுவே ‘ஏனென்றால்’, ‘ஆனால்’, ‘ஆகவே’, ‘அப்படியானால்’ போன்ற இணைப்புகளைப் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் பேச்சு நகர்கிறது. எல்லா இடத்திலும் ‘மேலும்’ மட்டுமே பொருந்துகிறது என்றால், பொருள்களை அடுக்கிவைத்திருக்கிறீர்களே தவிர, கோக்கவில்லை.

நூலகத்தின் வரலாறு எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கக்கூடும். அதற்கு இந்த 10 நிமிடத்தில் இடமில்லை. குழுவினருக்கு அது தெரியும், தெரியாதவருக்கும் இந்த முடிவை எடுக்க அது உதவப்போவதில்லை. நீங்கள் அதை ஆசையோடு தயாரித்திருப்பீர்கள் என்பது புரிகிறது. ஆண்டு விழா வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

குறிப்புகளைப் பார்த்துப் பேசினால் தயாரிப்பு இல்லாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். முழுப் பேச்சையும் எழுதி மனப்பாடம் செய்வது நல்லதா, சட்டகம் மட்டும் போதுமா? (ஒரு கல்லூரி மாணவி)

மனப்பாடத்தின் ஆபத்து, ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் கைவிட்டுப் போய்விடும் என்பது. வின்ஸ்டன் சர்ச்சில் இளமையில் தம் உரைகளை மனப்பாடம் செய்து பேசிவந்தார். 1904 ஏப்ரல் 22 அன்று பிரிட்டிஷ் மக்கள் சபையில் பேசிக்கொண்டிருந்தவர், நடுவே ஒரு வாக்கியத்தில் நினைவு தவறி, எவ்வளவு முயன்றும் தொடர முடியாமல், பேச்சை முடிக்காமலே உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 29. அதன் பிறகு குறிப்பில்லாமல் முக்கியமான உரைக்கு அவர் எழுந்ததில்லை. அந்தக் குறிப்புகளின் அமைப்புதான் நமக்குப் பாடம்: பத்தி பத்தியாக இல்லாமல், மூச்சு விடும் இடத்தில் வரியை உடைத்து, செய்யுளைப் போல ஏற்ற இறக்கமாக வரிகள் அமைந்திருக்கும். கண் தாளில் விழுந்த கணத்திலேயே எந்த இடம் என்று பிடிபட்டுவிடும்.

எதிர்ப்புறத்தில் இருப்பது மார்ட்டின் லூதர் கிங்கின் 1963 ஆகஸ்ட் 28 உரை. ‘எனக்கு ஒரு கனவு உண்டு’ என்ற பகுதி அன்று அவர் கையில் வைத்திருந்த எழுத்துப் படியில் இல்லை. அருகிலிருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், கனவைப் பற்றிச் சொல்லுமாறு குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டு விலகினார். இதைக் கேட்டுவிட்டு, ‘தயாரிப்பே வேண்டாம்’ என்று முடிவு கட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கனவுப் பகுதியை அவர் முன்பே வேறு மேடைகளில் பேசியிருந்தார். விலகிச் செல்வதற்கு அவருக்கு ஒரு பாதை முன்னமே பழகியிருந்தது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி இரண்டு வாக்கியங்களையும் சொல்லுக்குச் சொல் எழுதி, வாய்க்குப் பழக்கிக்கொள்ளுங்கள். பெயர், ஆண்டு, எண், மேற்கோள் ஆகியவற்றையும் தாளில் அப்படியே எழுதுங்கள். நடுவில் உள்ளவை ஒவ்வொன்றும் ஒரு வாக்கியமும் அதன் அடியில் இரண்டு மூன்று சொற்களுமாக இருக்கட்டும். அந்த நடுப்பகுதியை நான்கைந்து முறை வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறி மாறித்தான் வரும், வரட்டும். குறிப்பைப் பார்ப்பது குறையாகாது. குறிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிமிராமல் பேசுவதே குறை.

கருத்துகளை எந்த வரிசையில் வைப்பது? முக்கியமானதை முதலில் சொல்ல வேண்டும் என்று ஒருவரும், கடைசியில்தான் சொல்ல வேண்டும் என்று மற்றொருவரும் சொல்லிக் குழப்புகிறார்கள்.

இருவர் சொல்வதும் சில பேச்சுகளுக்குப் பொருந்தும். கேட்பவர் முன்பே உங்கள் பக்கம் இருந்தாலோ, நேரமில்லாத மேலதிகாரியாக இருந்தாலோ, முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்குப் போகலாம். கேட்பவர் மறுக்கும் மனநிலையில் இருந்தால், அவரும் ஒப்புக்கொள்கிற இடத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக அழைத்துச் செல்ல வேண்டும்; முடிவை முதலிலேயே போட்டு உடைத்தால், அடுத்த நிமிடத்திலிருந்து அவர் உங்கள் பேச்சைக் கேட்காமல் தம் மறுப்பைத் தயாரித்துக்கொண்டிருப்பார். ஆகவே வரிசையைத் தீர்மானிப்பது பேசப்படும் பொருள் மட்டுமன்று, எதிரே உட்கார்ந்திருப்பவரும்தான். திருக்குறளில் ‘அவை அறிதல்’ 72ஆம் அதிகாரம், ‘அவை அஞ்சாமை’ 73ஆம் அதிகாரம். அவையைப் பற்றிய அறிவு முதலில், அச்சமின்மை அதன் பின்னர். மேடைக் கூச்சத்துக்கு மருந்து கேட்டு எழுதுகிற வாசகர்களுக்கும் இந்த வரிசையையே காட்டுவேன்.

பேச்சில் கட்டாயமான உறுப்புகள் எத்தனை என்ற கேள்வி மிகப் பழையது. தம் காலத்து ஆசிரியர்கள் பேச்சைப் பல கூறுகளாகப் பிரித்துக்கொண்டே போனதைக் கண்ட அரிஸ்டாட்டில், இன்றியமையாதவை இரண்டே என்றார்: சொல்ல வந்ததைச் சொல்வது, அதை நிறுவுவது. மிஞ்சிப் போனால் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து நான்கு என்று ஒப்புக்கொண்டார்.

வரிசை அமைந்த பிறகு திருத்துவதற்கு நான் வைத்திருக்கும் உரைகல் நன்னூல். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களும் பேச்சின் சட்டகத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. மூன்றை மட்டும் சொல்கிறேன். ‘கூறியது கூறல்’: சட்டகத்தின் இரண்டாவது வாக்கியமும் ஐந்தாவது வாக்கியமும் வேறு சொற்களில் ஒன்றையே சொல்கின்றனவா? ‘மற்றொன்று விரித்தல்’: தலையில் எழுதிய வாக்கியத்தோடு தொடர்பில்லாத கிளை ஏதேனும் தழைத்து நிற்கிறதா? (அது பெரும்பாலும் நமக்கு மிகவும் பிடித்த கதையாக இருக்கும்.) ‘சென்று தேய்ந்து இறுதல்’: முதல் கருத்தின் அடியில் எட்டுக் குறிப்புகள், கடைசிக் கருத்தின் அடியில் ஒன்றுமில்லை என்று இருக்கிறதா? இந்த மூன்றாவது குற்றத்தைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் மேற்பாதி கறுத்தும் கீழ்ப்பாதி வெளுத்தும் தெரியும். ஒரே அமர்வில் மேலிருந்து கீழாக எழுதுகிற எல்லோருக்கும் இது நேர்கிறது. மறுநாள் கீழிருந்து மேலாக எழுதிப் பாருங்கள்.

20 நிமிடப் பேச்சுக்கு எத்தனை கருத்துகள்? நேரத்தை முன்கூட்டிக் கணக்கிட முடியுமா?

மூன்று, மிஞ்சினால் நான்கு. 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதிய ஒரு கட்டுரையை வைத்துக்கொண்டு, மனிதர் ஒரே நேரத்தில் ஏழு செய்திகளை நினைவில் வைத்துக்கொள்வார் என்று பலர் சொல்வதுண்டு. 2001இல் நெல்சன் கோவன் அதை மறுபடி ஆராய்ந்து நான்கு என்ற அளவுக்கு இறக்கினார். அந்த ஆய்வுகள் மேடைப் பேச்சைப் பற்றியவை அல்ல என்றாலும், கேட்பவரால் பக்கத்தைப் புரட்டிப் பின்னால் போக முடியாது என்பதை நினைத்தால் சிறிய எண்ணே பாதுகாப்பானது.

நேரக் கணக்குக்கு ‘நிமிடத்துக்கு இத்தனை சொல்’ என்று கிடைக்கும் அளவுகளை நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் ஆங்கிலத்துக்குச் சொல்லப்பட்டவை. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காக’ என்பது தமிழில் ஒரே சொல். சட்டகத்திலிருந்து ஒரு கருத்தை மட்டும் எடுத்து, செல்பேசியில் நேரம் வைத்து, நின்றுகொண்டு உரக்கப் பேசிப் பாருங்கள். மனத்துக்குள் படித்துப் பார்க்கும் நேரம் எப்போதும் குறைவாகவே காட்டும். கிடைத்த நிமிடங்களைத் தாளின் ஓரத்தில் அந்தந்தக் கருத்துக்கு நேராக எழுதிக் கூட்டுங்கள். 20 நிமிடம் கொடுத்திருந்தால் கூட்டுத்தொகை 16ஐத் தாண்டக் கூடாது. மீதி நான்கு நிமிடம் ஒலிபெருக்கிக்கும், தாமதமாக வந்து உட்காருகிறவர்களுக்கும், எதிர்பாராத சிரிப்புக்கும்.

தொடக்கம் அமையாமல் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரி கிடைத்தால் மற்றவை தாமே வரும் என்பது சரிதானே?

எனக்கு அது ஒருமுறைகூட நடந்ததில்லை. எதற்குள் அழைத்துச் செல்லப் போகிறோம் என்பது தெரியாமல் வாசலை எங்கே வைப்பது? சட்டகத்தில் முதல் இடத்தை வெற்றாக விட்டுவிட்டு நடுப்பகுதியை முடியுங்கள். முடித்த பிறகு, அங்கே எழுதியிருக்கும் சான்றுகளில் மிகத் துலக்கமான ஒன்றை அங்கிருந்து பிடுங்கித் தொடக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

எங்கள் அலுவலகத்தில் யாரும் தாளில் எழுதுவதில்லை. நேராகப் பவர்பாயின்டைத் திறந்து ஸ்லைடுகளைப் போடத் தொடங்கிவிடுகிறோம். தலைப்பு, அதன் கீழ் புள்ளி வைத்த வரிகள் என்று ஸ்லைடே சட்டகம் போலத்தானே இருக்கிறது? தனியாக எதற்கு?

சட்டகம் போலத் தோன்றுவதுதான் அதன் சிக்கல். புள்ளி வைத்து ஐந்து வரிகளை அடுக்கிவிட்டால், எது காரணம், எது விளைவு, எது தலை, எது வால் என்று சொல்லாமலே ஒழுங்கு வந்துவிட்டது போன்ற நிறைவு ஏற்படுகிறது.

இதற்கு உலகம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பிய 82ஆம் நொடியில், வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டொன்று இடது இறக்கையில் மோதியது. ஓடம் விண்ணில் இருந்தபோதே பொறியாளர்கள் அதன் பாதிப்பை ஆராய்ந்து ஸ்லைடுகளாக அதிகாரிகளுக்கு விளக்கினார்கள். அவற்றில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகள் அச்சத்தைக் குறைக்கின்றன என்று படிப்பவர் எண்ணும்படி அமைந்திருந்தது. அதே ஸ்லைடின் அடியில், உள்ளே தள்ளி எழுதப்பட்ட கடைசி வரியில், மோதிய துண்டுக்கான கணிப்பு 1,920 கன அங்குலம், முன்பு சோதித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம் என்று இருந்தது. அதாவது 640 மடங்கு. சோதனைத் தரவுகள் இந்த மோதலுக்குப் பொருந்துமா என்பதையே ஐயத்துக்கு உள்ளாக்கும் செய்தி அது. அதற்குக் கிடைத்த இடம் கடைசிப் புள்ளி. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் ஓடம் சிதைந்து, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் உயிரிழந்தார்கள். ஸ்லைடு ஒன்றே விபத்துக்குக் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தகவல்களைக் காட்சியாக அமைக்கும் கலையின் வல்லுநரான எட்வர்ட் டஃப்டி அந்த ஒரு ஸ்லைடை வரிவரியாக ஆராய்ந்து எழுதினார். விபத்தை விசாரித்த குழுவும் தன் அறிக்கையில் அதைக் குறிப்பிட்டது.

அந்த இடத்தில், ‘நாம் சோதித்ததைவிட 640 மடங்கு பெரிய துண்டு மோதியிருக்கிறது, ஆகவே நம் தரவுகளை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது’ என்று யாரேனும் ஒரு முழு வாக்கியத்தை முதலில் தாளில் எழுதியிருந்தால், அது தலைப்பாகத்தான் ஆகியிருக்கும். உங்கள் விற்பனை அறிக்கைக்கும் இதே வழிதான். முதலில் கணினியை மூடிவைத்துவிட்டுத் தாளில் வாக்கியங்களை எழுதுங்கள். எழுதிய வாக்கியங்களில் எவற்றுக்குப் படமோ வரைபடமோ வேண்டும் என்று பார்த்து, அவற்றுக்கு மட்டும் ஸ்லைடு போடுங்கள். ஸ்லைடின் தலைப்பாக அந்த வாக்கியத்தையே வையுங்கள். சில கருத்துகளுக்கு ஸ்லைடே இராது. அப்போது திரையை வெறுமையாக விடுவதில் தவறில்லை, மக்கள் உங்களைப் பார்ப்பார்கள்.

பணி ஓய்வு பெறும் ஆசிரியரைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். இதற்குமா சட்டகம்?

இதற்குத்தான் அவசியம் வேண்டும். மூன்று நிமிடத்தில் வழி தவறினால் திரும்பி வர நேரமில்லை. ஆனால் இரண்டே வரிகள் போதும். ‘அவர் அன்பானவர், எளிமையானவர், கடமை தவறாதவர்’ என்று பண்புகளை அடுக்காதீர்கள். உங்களுக்கு முன் பேசுகிறவர்கள் அவற்றை எப்படியும் சொல்லிவிடுவார்கள். அவர் செய்ததை நீங்கள் நேரில் பார்த்த ஒரு நிகழ்ச்சி முதல் வரி. தவறான விடைக்கு நேராகச் சிவப்பில் பெருக்கல் குறி போடாமல், ‘எங்கே வழி மாறினாய்?’ என்று பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தார் என்பது போல, கண்முன் நிற்கிற ஒன்று. அதனால் உங்களிடம் என்ன மாறியது என்பது இரண்டாவது வரி. நன்றி சொல்லிவிட்டு இறங்குங்கள்.

நன்றாகத் தயாரித்துப் போனேன். எனக்கு முன் பேசியவர்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதால், 20 நிமிடத்தை எட்டாகக் குறைக்கச் சொல்லிச் சீட்டு வந்தது. அவசர அவசரமாக எல்லாவற்றையும் தொட்டுச் சொல்லி, ஒன்றும் பதியாமல் இறங்கினேன். இதற்குச் சட்டகத்திலேயே வழி உண்டா?

உண்டு. எதை விடுவது என்பதை மேடையில் முடிவு செய்ய முயன்றதால்தான் அப்படி ஆயிற்று. வீட்டிலேயே முடிவு செய்து தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். நான் கறுப்பு மையில் சட்டகத்தை எழுதிய பிறகு, சிவப்பு மையால் இரண்டு வகைக் குறி போடுவேன். நேரம் பாதியானால் விட வேண்டியவற்றுக்கு ஒற்றைக் கோடு, கால்வாசியானால் விட வேண்டியவற்றுக்கு இரட்டைக் கோடு. கோடே விழாமல் நிற்பது பெரும்பாலும் ஒரு கருத்தும் அதன் ஒரு சான்றும்தான். எட்டு நிமிடத்தில் அதை நிதானமாகச் சொல்ல முடியும். எல்லாவற்றையும் தொடுவதற்கு ஆசைப்படாதீர்கள். நீங்கள் எவற்றையெல்லாம் விட்டீர்கள் என்பது அவையில் ஒருவருக்கும் தெரியாது. ‘நேரமில்லாததால் பலவற்றை விட்டுவிட்டேன்’ என்று நீங்களே சொன்னால்தான் தெரியும்.

தாள்களுக்கு எண் போடுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில், மின்விசிறிக் காற்றில் என் ஐந்து தாள்கள் மேடை முழுவதும் பறந்தன. ஒருவர் ஓடி ஓடிப் பொறுக்கி அன்போடு அடுக்கிக் கொடுத்தார், அவருக்குத் தோன்றிய வரிசையில். எண் இல்லை. மூன்றாவது பக்கத்தை இரண்டாவதாகப் பேசி, பாதியில் உணர்ந்து, சமாளித்து முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. இப்போதெல்லாம் ஒரே அட்டையில்தான் எழுதுகிறேன். கடைசி வாக்கியத்தை மட்டும் அட்டையின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் தனியாக எழுதிவைத்திருப்பேன். பேச்சின் எந்த இடத்தில் சீட்டு வந்தாலும் அட்டையைத் திருப்பினால் போதும்.